ரிடயர் ஆன யுனிவர்சிட்டி ஸ்டாஃப் ஸ்டூடண்ட்ஸுக்கு என்ன செய்யலாம்: டெல்லில திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்துல ஒரு நிகழ்ச்சி, மயூர் விஹார்ல ஒரு அறுபதாம் கல்யாணம், எங்க போனாலும் யாராவது ஒருத்தர் ஓரமா கூப்பிட்டு இதையே தான் கேக்கறாங்க. நான் டி.யு.ல, அதாவது டெல்லி யுனிவர்சிட்டில, பரீட்சை செக்‌ஷன்லயும் அப்புறம் ஒரு காலேஜ் ஆபீஸ்லயும் இருந்து ரிடயர் ஆனவ, இப்ப சில பேர் சேர்ந்து பசங்களுக்கு உதவி பண்ணிட்டு இருக்கோம். வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன். கேள்வியெல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு, நான் மாத்தல.

மேடம், ரிடயர் ஆயாச்சு, வீட்ல சும்மா உக்கார முடியல. பசங்களுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

நீங்க வேலை பாத்த காலேஜ்லேர்ந்தே ஆரம்பிங்க. புதுசா ட்ரஸ்ட் ஆரம்பிக்கறேன், லோகோ போடறேன்னு கிளம்பாதீங்க, அதுல ஒரு வருஷம் ஓடிடும், ஒரு பையனுக்கும் ஒண்ணும் நடந்திருக்காது. பிரின்சிபாலுக்கு ஒரு பக்கத்துல லெட்டர் குடுங்க: என்ன தெரியும், வாரத்துல எந்த நாள் எத்தனை மணி நேரம் வர முடியும், எந்த மாசம் ஊர்ல இருக்க மாட்டீங்க. கடைசி விஷயத்தை நெறைய பேர் சொல்றதே இல்ல, அப்புறம் பையன் பரீட்சை நேரத்துல தேடும்போது இவங்க அமெரிக்கால பேரக்குழந்தையோட இருப்பாங்க.

காலேஜுக்குள்ள யாரைப் பாக்கணும்னா, என்.எஸ்.எஸ். யூனிட், மாற்றுத்திறனாளி பசங்களுக்கான எனேப்ளிங் யூனிட், ஸ்காலர்ஷிப் பாக்கற நோடல் ஆபீசர், இந்த மூணு இடத்துலயும் ஆள் பத்தாமத் தான் இருக்கும். யுனிவர்சிட்டி லெவல்ல ஈக்வல் ஆப்பர்ச்சுனிட்டி செல் இருக்கு. அவங்க ஒரு லெட்டர் குடுத்துட்டா கேட்ல செக்யூரிட்டிகிட்ட நின்னு பேசற தொல்லையும் இல்ல.

நான் ப்ரொஃபசர் எல்லாம் இல்லீங்க, செக்‌ஷன் ஆபீசரா ரிடயர் ஆனவன். என்னால என்ன ஆகும்?

உண்மையைச் சொன்னா உங்களைத் தான் தேடிட்டு இருக்கோம். பாடம் சொல்லிக்குடுக்க யூட்யூப் இருக்கு, ஸ்வயம் ஆன்லைன் கோர்ஸ் இருக்கு, சீனியர் பசங்க நோட்ஸ் இருக்கு. ஆனா மார்க்‌ஷீட்ல இ.ஆர்.னு (எசென்ஷியல் ரிபீட், அந்தப் பேப்பரை மறுபடி எழுதணும்) வந்திருக்கு, அதுக்கு எந்த ஃபார்ம், எந்த கவுண்டர், எப்ப வரைக்கும் டைம்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. டிரான்ஸ்கிரிப்டுக்கு என்ன பண்ணணும், மைக்ரேஷன் சர்டிஃபிகேட் எப்ப கேக்கணும், மார்க்‌ஷீட்ல அப்பா பேர் தப்பா இருந்தா யாருக்கு எழுதணும், இதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வீட்ல முதல் ஆளா காலேஜுக்கு வந்த பையனுக்கு இந்த இடத்துல தான் கால் தடுக்குது, பாடத்துல இல்ல.

இன்னொண்ணு, ஆபீஸ்ல வேலை பாத்தவங்களுக்கு ஒரு லெட்டரை எப்படி எழுதினா ஃபைல் நகரும்னு தெரியும். பசங்க ரெண்டு பக்கம் கண்ணீர் விட்டு மெயில் எழுதுவாங்க, அதுல ரோல் நம்பர் இருக்காது. அதை நாலு வரில எழுதி, எக்ஸாம் ரோல் நம்பர், செமஸ்டர், பேப்பர் கோட் மேலயே போட்டு அனுப்ப வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. லைப்ரரி ஸ்டாஃப், லேப் அசிஸ்டென்ட், அக்கவுண்ட்ஸ்ல இருந்தவங்க, எல்லாருக்கும் இதே தான் சொல்றேன். 60ல ரிடயர் ஆகறதால ப்ரொஃபசர்களை விட உங்களுக்கு தெம்பும் அஞ்சு வருஷம் கூட இருக்கு, அவங்க 65 வரைக்கும் உள்ள தான் இருக்காங்க.

அட்மிஷன் டைம்ல சரியா என்ன உதவி தேவைப்படுது? எல்லாம் கம்ப்யூட்டர்ல தானே நடக்குது?

கம்ப்யூட்டர்ல நடக்கறதால தான் தேவைப்படுது. 2022லேர்ந்து டி.யு. டிகிரி அட்மிஷன் சி.யு.இ.டி.ங்கற பொது நுழைவுத் தேர்வு மார்க்கை வெச்சுத் தான். அந்தப் பரீட்சையை தமிழ்லயும் எழுதலாம், ஆனா நம்ம ஊர் பசங்கள்ல பல பேருக்கு அதுவே தெரியறதில்ல. பரீட்சை முடிஞ்சு மார்க் வந்ததும் டி.யு. சீட் ஒதுக்கற சி.எஸ்.ஏ.எஸ். போர்ட்டல்ல தனியா ரெஜிஸ்டர் பண்ணி எந்த காலேஜ் எந்த கோர்ஸ்னு வரிசை போடணும். நாலு பெரிய காலேஜ் பேரை மட்டும் போட்டுட்டு உக்காந்துடுவாங்க. முடிஞ்ச வரைக்கும் நீளமா வரிசை போடச் சொல்லுங்க. சீட் அலாட் ஆனா குறிச்ச தேதிக்குள்ள அக்செப்ட் பண்ணணும், பண்ணலன்னா ஆட்டத்துலேர்ந்தே வெளிய. அக்செப்ட் பண்ணி ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம் அப்கிரேடா ஃப்ரீஸான்னு கேக்கும், ஃப்ரீஸ் போட்டா இன்னும் மேல இருக்கற காலேஜ் கிடைக்கற வாய்ப்பு போச்சு. பதட்டத்துல விரல் எங்கயோ பட்டு ஃப்ரீஸ் ஆகறது வருஷா வருஷம் நடக்குது.

அடுத்தது சர்டிஃபிகேட், தமிழ்நாட்டுலேர்ந்து வர்ற பசங்க மாட்டறதே இங்க தான். கைல தமிழ்நாடு அரசோட பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கும், அதை எடுத்துட்டு ரயில் ஏறிடுவாங்க. இங்க கேக்கறது மத்திய அரசு ஃபார்மேட்ல ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் (வசதியான பிரிவுல வரலன்னு காட்டற) சான்றிதழ், அதுவும் அந்த வருஷம் மார்ச் 31க்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும். தமிழ்நாடு லிஸ்ட்ல இருக்கற எல்லா சாதியும் மத்திய லிஸ்ட்ல அதே பேர்ல இருக்கும்னும் சொல்ல முடியாது, முன்னாடியே பாத்துக்கணும். ஊர்ல இ-சேவை மையத்துல அப்ளை பண்ணலாம், ஆனா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு போய் வர நாளாகும். அதனால ஏப்ரல்லயே போன் போட்டு "அப்ளை பண்ணியாச்சா"ன்னு கேக்கற ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்க தான்.

அப்புறம் இனிஷியல். ஆதார்ல "முருகன் எஸ்", பத்தாவது மார்க்‌ஷீட்ல "எஸ். முருகன்", பேங்க்ல "முருகன் செல்வராஜ்". இங்க கவுண்டர்ல உக்காந்திருக்கறவருக்கு இது மூணு ஆளு. சர்நேம் என்னன்னு கேப்பார், பையன் முழிப்பான். ஃபார்ம் போடறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து, பத்தாவது மார்க்‌ஷீட்ல இருக்கற மாதிரியே எல்லா எடத்துலயும் போட வைக்கணும், ஆதாரை திருத்த வேண்டியிருந்தா மார்ச்லயே திருத்திடணும்.

ஸ்காலர்ஷிப் எல்லாம் ஆன்லைன்ல தானே வருது, அதுல நமக்கு என்ன வேலை?

என்.எஸ்.பி.ங்கற தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல பையன் அப்ளை பண்ணினா மட்டும் பணம் வராது. அந்த அப்ளிகேஷனை காலேஜ் நோடல் ஆபீசர் தேதிக்குள்ள வெரிஃபை பண்ணணும். அவரு அதோட கிளாஸும் எடுக்கறாரு, ஆன்சர் ஷீட்டும் திருத்தறாரு, அதனால கடைசி வாரத்துல குவிஞ்சு கிடக்கும். ஏதாவது குறைன்னு திருப்பி அனுப்பினா பையனுக்கு ஒரு மெசேஜ் வரும், அவன் அதை விளம்பரம்னு நினைச்சு தள்ளிடுவான். நீங்க போய் நோடல் ஆபீசர் பக்கத்துல உக்காந்து எவன் அப்ளிகேஷன் எங்க நிக்குதுன்னு ஒரு லிஸ்ட் போட்டு, பசங்களுக்கு போன் பண்ணினா போதும். வெரிஃபை பட்டனை நீங்க தொடக் கூடாது, அது அவரு வேலை.

தெரிஞ்சு வெச்சுக்க ஒரு உதாரணம்: காலேஜ் பசங்களுக்கான மத்திய அரசு ஸ்காலர்ஷிப் ஒண்ணு, பன்னெண்டாவதுல அந்த போர்டுல 80வது பர்சன்டைலுக்கு மேல இருந்து குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா டிகிரிக்கு வருஷம் 12,000 ரூபாய், பி.ஜி.க்கு 20,000. ஒவ்வொரு வருஷமும் ரினியூ பண்ணணும், ரெண்டாவது வருஷம் மறந்துட்டு விட்டவங்க ஏகப்பட்ட பேர். பேங்க் அக்கவுண்ட் ஆதாரோட இணைஞ்சிருக்கணும், இல்லன்னா சாங்ஷன் ஆகியும் பணம் வந்து சேராது. இது தவிர டி.யு.லயே வருமானத்தைப் பொறுத்து ஃபீஸ்ல சலுகை குடுக்கற திட்டம் இருக்கு, 4 லட்சத்துக்குக் கீழ இருந்தா முழுசா, 8 லட்சம் வரைக்கும் பாதி வரைக்கும் திருப்பிக் கிடைக்க வழி இருக்கு. காலேஜ்கள்ல இருக்கற உதவித் திட்டம் தனி, ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு ரூல். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க.

எனக்கு பாடம் நடத்தறது தான் தெரியும். மறுபடியும் கிளாஸ் எடுக்க விடுவாங்களா?

ரெகுலர் கிளாஸ்னு கேட்டா கஷ்டம் தான், ஒர்க்லோடு கணக்குல ஒரு கெஸ்ட் டீச்சரோட பொழப்பு இருக்கு, அதுல நாம இலவசமா போய் உக்காந்தா அந்த சின்ன வயசுக்காரருக்கு பீரியட் போயிடும். இதை யோசிக்காமலே நெறைய பெரியவங்க கிளம்பறாங்க. ப்ரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்னு யு.ஜி.சி. 2022ல கொண்டு வந்தாங்களே, அதுல சேரலாமான்னும் கேப்பீங்க, அது தொழில் துறைலேர்ந்து வர்றவங்களுக்கு, டீச்சரா இருந்தவங்க ரிடயர் ஆகியிருந்தாலும் அதுல சேர முடியாது.

தேவை எங்க இருக்குன்னா, ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங், பெண்களுக்கான நான் காலேஜியேட் போர்டு, இக்னோ, இந்த மூணு இடத்துல படிக்கறவங்ககிட்ட. பகல்ல கடைல நிக்கறவங்க, வீட்டு வேலை பாத்துட்டு சனி ஞாயிறு மட்டும் கிளாஸுக்கு வர்ற பொண்ணுங்க. இவங்களுக்கு சந்தேகம் கேக்க வாரத்துல ஒரு ஆள் கிடைச்சாலே பெரிய விஷயம். அஞ்சாறு பேரை ஒண்ணா உக்கார வெச்சு பழைய கேள்வித்தாளை வெச்சுட்டு எப்படி பதில் எழுதறதுன்னு சொல்லிக் குடுங்க. லெக்சர் வேண்டாம், எழுத வைங்க, திருத்துங்க.

ஸ்கூல் பசங்களுக்குன்னா வித்யாஞ்சலி போர்ட்டல்ல வாலண்டியரா பதிஞ்சுக்கலாம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் ஸ்கூல்கள் என்ன தேவைன்னு அதுல போடும், ரிடயர்டு டீச்சர்களை அவங்களே கூப்பிடறாங்க. நம்ம டி.டி.இ.ஏ. (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) ஸ்கூல் டெல்லில ஏழு இருக்கு, லோதி எஸ்டேட், மந்திர் மார்க், ஜனக்புரின்னு உங்க வீட்டுப் பக்கம் ஒண்ணு இருக்கும், பதினொண்ணு பன்னெண்டாவது பசங்களுக்கு சி.யு.இ.டி. என்னன்னு போய் சொல்றதே நல்ல வேலை.

புது கல்விக் கொள்கைல ரிடயர்டு ஆளுங்களை மென்டரா போடறாங்கன்னு பேப்பர்ல படிச்சேனே?

2020 கொள்கைல தேசிய மென்டரிங் மிஷன்னு ஒண்ணு இருக்கு, மூத்த, ரிடயர் ஆன பேராசிரியர்களை சேர்த்து, இந்திய மொழிகள்ல சொல்லித் தரக்கூடியவங்களையும் சேர்த்துன்னு தெளிவாவே எழுதியிருக்கு. ஆனா அது ஆசிரியர்களுக்கு வழிகாட்டறதுக்கு, நேரா ஸ்டூடண்ட்ஸுக்கு இல்ல. அதுக்காகக் காத்துட்டு இருக்காதீங்க.

கண் பார்வை இல்லாத பசங்களுக்கு பரீட்சை எழுதித் தரலாமா? அது பெரிய புண்ணியம்னு சொல்றாங்க.

புண்ணியம் இருக்கட்டும், உங்களை எழுத விட மாட்டாங்க. மாற்றுத்திறனாளிகள் பரீட்சைக்கு மத்திய அரசு 2018 ஆகஸ்ட்ல போட்ட வழிகாட்டுதல்ல, பையன் சொந்தமா ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தர்றவர்) கூட்டிட்டு வந்தா அவரு படிப்பு பையனை விட ஒரு படி கம்மியா இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. பி.எச்.டி. முடிச்ச ரிடயர்டு ப்ரொஃபசர் பி.ஏ. பையனுக்கு எழுதினா அது நியாயம் இல்ல தானே. அந்தந்த பரீட்சைக்கு ரூல் என்னன்னு முன்னாடியே கேட்டுக்கணும்.

ஆனா உங்களுக்கு வேற வேலை இருக்கு. ஸ்கிரைப் கிடைக்காம கடைசி நாள் ராத்திரி வாட்ஸப்ல கெஞ்சறது தான் இங்க நிஜம். ஒரு வருஷம் ஜூனியரா இருக்கற, கையெழுத்து நல்லா இருக்கற, ஹிந்திலயோ இங்கிலீஷ்லயோ எழுதத் தெரிஞ்ச பசங்க லிஸ்ட்டை அக்டோபர்லயே தயார் பண்ணி வெச்சு, டேட் ஷீட் (பரீட்சை அட்டவணை) வந்ததும் யாருக்கு யாருன்னு பொருத்தி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மாத்து ஆளும் வெச்சு, பரீட்சை அன்னிக்கு காலைல போன் பண்ணி கிளம்பிட்டாங்களான்னு கேக்கறது. பரீட்சை செக்‌ஷன்ல இருந்தவங்களுக்கு இது அல்வா சாப்பிடற மாதிரி. மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு, மூணு மணி பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூட, அதை ஹால்ல குடுக்கறாங்களான்னு பாத்துக்கறதும் உங்க வேலை. பரீட்சைக்கு முன்னாடி மாதிரித் தேர்வுல நீங்களே ஸ்கிரைபா உக்காரலாம், அதை யாரும் தடுக்கல, பையனுக்கு சொல்லி எழுத வைக்கற பழக்கம் வரும்.

இன்னொண்ணு புத்தகம். ஸ்கேன் பண்ணின பக்கத்தை கம்ப்யூட்டர் எழுத்தா மாத்தும்போது நூத்துக்கணக்குல தப்பு வரும், தமிழ்ல இன்னும் மோசம். அதைத் திருத்தித் தர வாலண்டியர்ஸ் எப்பவுமே தேவை. 2016லேர்ந்து சுகம்ய புஸ்தகாலயான்னு ஆன்லைன் லைப்ரரி இருக்கு, அந்த மாதிரி இடத்துக்கு இந்த வேலை போய்ச் சேரும். காப்பிரைட் பயம் வேண்டாம், 2012ல சட்டத்தைத் திருத்தி மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படி மாத்தறதுக்கு அனுமதி குடுத்திருக்காங்க. ஆர்.கே.புரம் செக்டர் 5ல தமிழ்ச் சங்கம் இருக்கற ஏரியாலயே பார்வையற்றோர் தேசிய சங்கமும் இருக்கு, சங்கத்துக்கு வர்ற வழில ஒரு நாள் ஏறி இறங்குங்க.

இதுக்கெல்லாம் காசு ஏதாவது குடுப்பாங்களா? பென்ஷன்ல கை வைப்பாங்களா?

காசு இல்ல. சம்பளம் வாங்காத தொண்டுக்கு பென்ஷன் குறையாது. எங்கயாவது மதிப்பூதியம்னு குடுத்தா அது வருமானம், டாக்ஸ் கணக்குல காட்டணும், அவ்வளவு தான். நவம்பர் லைஃப் சர்டிஃபிகேட்டை மறக்காதீங்க, அந்த மாசம் தான் செமஸ்டர் பரீட்சை வேலையும் சேர்ந்து வரும்.

ஊர்லேர்ந்து தெரிஞ்சவங்க பொண்ணு வந்திருக்கு, ஹாஸ்டலுக்கு லோக்கல் கார்டியனா கையெழுத்து போடுங்கன்னு கேக்கறாங்க. போடலாமா?

டெல்லித் தமிழர் வீட்ல ஜூலை ஆகஸ்ட்ல வர்ற முதல் போன் இது தான். போடலாம், ஆனா ஃபார்மை முழுசா படிச்சுட்டு. லோக்கல் கார்டியன்னா பேருக்கு ஒரு கையெழுத்து இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்ணுக்கு டெங்கு காய்ச்சல்னு வார்டன் உங்களுக்குத் தான் போன் பண்ணுவாங்க. லீவுல வெளிய தங்கினா உங்க வீட்ல தான்னு எழுதிக் குடுத்துட்டுப் போவா. சில ஹாஸ்டல்ல மீட்டிங்குக்கும் கூப்பிடுவாங்க. டெல்லிலயே வருஷம் முழுக்க இருக்கறவங்க, போன் எடுக்கறவங்க மட்டும் போடுங்க.

அப்பா அம்மாகிட்ட நீங்களே நேரா பேசாம, நடுவுல ஒருத்தர் சொன்னார்னு போடாதீங்க. ஃபீஸ் பாக்கி, உடைச்ச சாமான் இதுக்கெல்லாம் பொறுப்பேத்துக்கற மாதிரி வரி இருந்தா அதை அப்பா அம்மா பேர்ல மாத்தச் சொல்லுங்க. முக்கியமா, பொண்ணுகிட்டயே முதல் நாளே சொல்லிடணும்: உன் சார்பா நான் பொய் சொல்ல மாட்டேன், எங்க வீட்ல இருக்கேன்னு சொல்லிட்டு வேற எங்கயும் போகாதே, ஆனா கஷ்டம்னா எத்தனை மணிக்கு வேணும்னாலும் கூப்பிடு, திட்ட மாட்டேன். இந்த ரெண்டாவது பாதியை சொல்லாம முதல் பாதியை மட்டும் சொன்னா அவ உங்களைக் கூப்பிடவே மாட்டா. ஒரே வருஷத்துல நாலஞ்சு பேருக்கு கார்டியனா இருக்கறவங்களையும் பாத்திருக்கேன், என்னைக் கேட்டா ரெண்டுக்கு மேல வேண்டாம்.

வீட்டுக்கு வரச் சொல்லி சொல்லிக் குடுக்கலாமா? காலேஜ் வரைக்கும் அலைய முடியல.

லைப்ரரி, காலேஜ் ரூம், தமிழ்ச் சங்கம், சொசைட்டி கம்யூனிட்டி ஹால், இப்படி நாலு பேர் நடமாடற இடமா பாருங்க. ரெண்டு மூணு பேரா வரச் சொல்லுங்க, தனியா ஒருத்தரை கதவை சாத்திட்டு வேண்டாம். உங்க நல்ல மனசு மேல சந்தேகம் இல்ல, பசங்களுக்கும் கூச்சம் இல்லாம இருக்கணும், உங்களுக்கும் பேச்சு வரக் கூடாது. முதல் வருஷத்துல சேரும்போது பல பேருக்கு 17 தான் ஆகியிருக்கும், சட்டப்படி இன்னும் குழந்தை. அப்பா அம்மாவுக்கு தெரிஞ்சு தான் நடக்கணும்.

அலைய முடியலன்னா வீடியோ கால்ல பண்ணுங்க. நவம்பர் புகைல வயசானவங்க யுனிவர்சிட்டி மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி நடந்து மூச்சு வாங்க வேண்டாம், ஸ்காலர்ஷிப் ஃபாலோ அப்பும் ஸ்கிரைப் லிஸ்ட்டும் போன்லயே முடியற வேலை.

பையன் ஃபீஸ் கட்ட முடியலன்னு அழறான். பணம் குடுத்துடலாமா?

உங்க பணம், உங்க இஷ்டம். ஆனா கைல குடுக்காதீங்க, கடனாவும் குடுக்காதீங்க. கடன் குடுத்த அன்னிலேர்ந்து அவன் உங்களைப் பாத்தா வேற பக்கம் திரும்பிப் போவான், பணத்தோட ஆளும் போயிடுவான். முதல்ல மேல ஸ்காலர்ஷிப் கேள்வில சொன்ன சலுகைக்கு அப்ளை பண்ணினானா பாருங்க, பிரின்சிபாலுக்கு தவணை கேட்டு லெட்டர் எழுத வைங்க. அதுவும் முடியலன்னா காலேஜ் ஸ்டூடண்ட் எய்ட் ஃபண்டுக்கு நேரா கட்டிட்டு ரசீது வாங்கிக்கங்க, யார் குடுத்தாங்கன்னு பையனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல.

பழைய ஸ்டூடண்ட் ரெகமண்டேஷன் லெட்டர் கேக்கறா. இன்னொருத்தன் சர்டிஃபிகேட் காப்பில அட்டஸ்ட் பண்ணித் தரச் சொல்றான். பண்ணலாமா?

லெட்டர் தாராளமா குடுங்க, நீங்க சொல்லிக் குடுத்த பொண்ணா இருந்தா. பழைய லெட்டர்ஹெட் வீட்ல மிச்சம் இருக்கும், அதுல அடிக்காதீங்க. வெள்ளைத் தாள்ல, பேருக்குக் கீழ முன்னாள்னு தெளிவா போட்டு, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும் தெரியும்னு எழுதுங்க. அட்டஸ்டேஷன் முடியாது, பதவி போனதும் அந்த அதிகாரமும் போச்சு, சீல் வீட்டு அலமாரில இருந்தாலும் தொடக் கூடாது. அதோட இப்ப பெரும்பாலான இடத்துல பையனே கையெழுத்து போட்ட காப்பி போதும், அதை அவனுக்குச் சொல்லுங்க.

பி.எச்.டி. பையன் தீசிஸைக் குடுத்து "சார் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க"ங்கறான். எவ்வளவு தூரம் பண்ணலாம்?

இங்கிலீஷ் திருத்தலாம், ஒரு பாரா புரியலன்னா புரியலன்னு ஓரத்துல எழுதலாம், இந்த வாதம் நிக்கலைன்னு சொல்லலாம். நீங்களே அந்தப் பாராவை எழுதித் தரக் கூடாது. யு.ஜி.சி. 2018 ரூல்படி அடுத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தி மறுபடி குடுக்கச் சொல்லுவாங்க, 60க்கு மேல போனா ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து. சாஃப்ட்வேர் நீங்க எழுதினதைப் பிடிக்காது, ஆனா வைவால எக்ஸாமினர் பிடிச்சுடுவார். கைடு இருக்கார், அவருக்குத் தெரியாம நீங்க ஒரு திசைல இழுத்தா பையன் நடுவுல மாட்டுவான். கைடுகிட்ட சொல்லிட்டியான்னு முதல்ல கேளுங்க.

ஒரு பொண்ணு சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, பேச்சே குறைஞ்சு போச்சு. நான் என்ன பண்றது?

பக்கத்துல உக்காந்து கேளுங்க, அறிவுரையை ஆரம்பிக்காதீங்க. "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கற வாக்கியம் எதுவும் அந்த நேரத்துல வேண்டாம். வீட்ல சொல்லிடுவேன்னு மிரட்டாதீங்க, யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்னு சத்தியமும் பண்ணாதீங்க, ஏன்னா உயிருக்கு ஆபத்துன்னு தோணினா சொல்லித் தான் ஆகணும். மனநலத்துக்கான அரசு ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். இந்த ஊர்ல ஹிந்தி தெரியாம தவிக்கற பொண்ணுக்கு தமிழ்ல ஒருத்தர் கேக்கறாங்கங்கறதே பெரிய தெம்பு. காலேஜ் கவுன்சலர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போங்க. ராகிங்னு தெரிஞ்சா 1800 180 5522. நீங்க டாக்டர் இல்ல, கூட நிக்கற ஆள், அந்த எல்லையைத் தாண்டாதீங்க. லோக்கல் கார்டியனா இருந்தீங்கன்னா வார்டன்கிட்ட பேச வேண்டிய பொறுப்பும் உங்களோடது.

பேச்சுவாக்குல "எந்த ஊரு, என்ன ஆளுங்க"ன்னு கேட்டுட்டேன், பையன் அப்புறம் வரவே இல்ல. அது அவ்வளவு தப்பா?

தப்பு தான். ஊரு கேளுங்க, அதோட நிறுத்துங்க. நமக்கு அது வெறும் பழக்கம், அவனுக்கு அது ஒவ்வொரு வாசல்லயும் கேட்டுக் கேட்டுப் புண்ணான கேள்வி. சர்டிஃபிகேட் வேலை பாக்கும்போது சாதி தானா நம்ம கண்ணுல படும், பட்டதும் மறந்துடணும், அடுத்த நாள் சங்கத்துல "அந்தப் பையன் கோட்டால வந்தவன்"னு பேசினா உங்களை விட மோசமான வாலண்டியர் கிடையாது. அதே மாதிரி அவங்க ஆதார் காப்பி, மார்க்‌ஷீட்டெல்லாம் உங்க போன்ல சேத்து வைக்காதீங்க, வேலை முடிஞ்சதும் அழிச்சுடுங்க. பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் பையனே போடணும், அவசரம்னாலும்.

என் பழைய டிபார்ட்மென்ட்ல இப்ப இருக்கறவங்க நான் போனாலே முகத்தைச் சுளிக்கறாங்க. நல்லது பண்ணத் தானே போறேன்?

எப்படிப் போறீங்கன்னு யோசிங்க. நேரா உள்ள போய் பழைய சீட்டு பக்கத்துல உக்காந்து, இந்த ஃபைல் ஏன் இப்படி இருக்கு, நான் இருந்தப்ப இப்படியா இருந்துதுன்னு ஆரம்பிச்சா யாருக்குத் தான் பிடிக்கும். ஒரு சீனியர் இப்படித் தான் ஒரு ஆபீஸ்ல போய் புது எல்.டி.சி. (கிளார்க்) பொண்ணை எல்லார் முன்னாடியும் திட்டினார், அதோட அந்த ஆபீஸ்ல ரிடயர்டு வாலண்டியரே வேண்டாம்னு சொல்லிட்டாங்க, மத்தவங்களுக்கும் சேத்து. போன் பண்ணிட்டு போங்க, குடுத்த நேரத்துக்குப் போங்க, பையனோட வேலையை மட்டும் கேளுங்க. கம்ப்யூட்டர் வந்தப்புறம் வழிமுறை மாறியிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்ச பழைய ரூலை பசங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி இப்ப அதே தானான்னு அந்த எல்.டி.சி. பொண்ணுகிட்டயே கேட்டுக்கங்க. அவகிட்ட கேட்டா அவளும் உங்க பக்கம் வந்துடுவா.

எனக்கு ஹிந்தி இன்னும் தடவல் தான், அது பரவாயில்லையா?

முப்பது வருஷம் இங்க குப்பை கொட்டியிருக்கீங்க, பரவாயில்ல. ஆட்டோக்காரர்கிட்ட, பசங்க தங்கற பி.ஜி. ஓனர்கிட்ட அட்வான்ஸ் திருப்பிக் கேக்கற அளவுக்கு உங்க ஹிந்தி போதும், புதுசா வந்த பையனுக்கு அதுவும் இல்ல.

நாங்க அடுத்த வருஷம் டெல்லியைக் காலி பண்ணிட்டு கோயம்புத்தூர் போயிடறோம். அப்ப இதெல்லாம் விட்டுட வேண்டியது தானா?

லோக்கல் கார்டியன் கையெழுத்து மட்டும் வேற ஆளுக்கு மாத்திடுங்க, ஹாஸ்டலுக்கு எழுதிக் குடுத்து, வாய்ச்சொல்லா இல்ல. மத்ததெல்லாம் அங்கேர்ந்து பண்ணலாம், சிலது அங்கேர்ந்து தான் நல்லா நடக்கும். நான் சொன்னேனே அந்த ஓ.பி.சி. சான்றிதழ், அதுக்கு இங்க உக்காந்துட்டு தாசில்தார் ஆபீஸுக்கு போன் பண்ணிப் பண்ணி எங்களுக்கு நாக்கு தள்ளுது. அங்க இருக்கற ஒருத்தர் பக்கத்து ஊர் அரசு ஸ்கூல்ல ஜனவரி ஃபிப்ரவரில பன்னெண்டாவது பசங்களைப் பாத்து, டெல்லில இப்படி எல்லாம் யுனிவர்சிட்டி இருக்கு, சி.யு.இ.டி. ஃபார்ம் இப்படிப் போடணும், தமிழ்லயே எழுதலாம், பேரை இப்படி எழுதுன்னு சொல்லிட்டா இங்க எங்க வேலை பாதியாயிடும்.

போறதுக்கு முன்னாடி உங்க கோயம்புத்தூர் நம்பரை எங்களுக்குக் குடுத்துட்டுப் போங்க. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்துலேர்ந்து வர்ற பசங்க லிஸ்ட்டை ஏப்ரல் முதல் வாரம் அனுப்பறேன்.